ரீமாஸ்டர் வந்த பிறகு பழைய சிடிக்கும் கேசட்டுக்கும் என்ன மதிப்பு?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையின் வைஸ் சிட்டி கேமை ஆடியவர்கள் இன்று சம்பாதிக்கிற வயதில் இருக்கிறார்கள். அதே கேம் ரீமாஸ்டர் ஆகி வந்திருக்கிறதே என்று வாங்கிப் போட்டதும் வரிசையாகச் சந்தேகங்கள் வருகின்றன. ரேடியோவில் அந்தப் பாட்டு ஏன் வரவில்லை? படம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஊர் ஏன் அந்த ஊராகத் தெரியவில்லை? அம்மான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்2 (சோனியின் பிளேஸ்டேஷன் 2) கருவியையும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் சிடிகளையும் இனி என்ன செய்வது?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ரீமாஸ்டரில் எது மாறியது, எது கெட்டது, எது மேம்பட்டது என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டும். அசல் கைக்கு எட்டாமல் போனால், புதிதாக வந்ததுதான் எப்போதும் இருந்தது என்றாகிவிடும்.

முதலில் சொற்கள்

கடைப் பக்கத்தில் இந்தச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவதால்தான் பாதிக் குழப்பம். செட்டிநாட்டு வீடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் வேறுபாடு பிடிபடும்.

1. போர்ட்: ஒரு கருவிக்கு எழுதிய கேமை வேறு கருவியில் ஓடவைப்பது. தூணையும் கதவையும் பிரித்தெடுத்து வேறு மனையில் அப்படியே நிறுத்துவது போல.
2. ரீமாஸ்டர்: அதே கேம், அதே விதிகள், படத்தின் தெளிவு, ஒலி, திரை அளவு, கண்ட்ரோல் ஆகியவற்றை மட்டும் திருத்துவது. வீடு அதேதான், பூச்சும் மெருகும் புதிது.
3. ரீமேக்: இடித்துவிட்டு, பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டுவது. 2005-இல் பிஎஸ்2-வில் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸ் 2011-இல் பிஎஸ்3-க்கு ரீமாஸ்டர் ஆனது. 2018-இல் பிஎஸ்4-க்கு ரீமேக் ஆனது. ஒரே கேமுக்கு இரண்டும் நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.
4. எமுலேஷன்: கேமைத் தொடாமல், பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில் அதை ஓட்டுவது.

மாற்றம் எங்கிருந்து வருகிறது?

ரீமாஸ்டர் செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. காரணங்கள் பெரும்பாலும் வேறு.

1. மூலக்கோப்புகள் இல்லாமை. கேம் வெளிவந்ததும் மூலநிரலையும் வரைபடக் கோப்புகளையும் பத்திரப்படுத்தும் பழக்கம் அந்தக் காலத்து நிறுவனங்கள் பலவற்றில் இல்லை. 2012-இல் வந்த சைலண்ட் ஹில் எச்டி கலெக்‌ஷனுக்கு, செய்தவர்களின் கைக்குக் கிடைத்தது கேமின் இறுதி நிரல் அல்ல, முழுமையடையாத ஒன்று. அசல் வெளியீட்டுக்கு முன் திருத்தியிருந்த பிழைகளை அவர்கள் மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. கிங்டம் ஹார்ட்ஸின் 2013 எச்டி பதிப்புக்கும் அசல் கோப்புகள் காணாமல் போனதால் பலவற்றைப் புதிதாகச் செய்தார்கள்.

2. தவறான பதிப்பை அடிப்படையாக எடுப்பது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் சேர்த்து ரீமாஸ்டராக 2021 நவம்பர் 11-இல் வந்த ஜிடிஏ ட்ரைலஜி டெஃபினிட்டிவ் எடிஷன், பிஎஸ்2 பதிப்பிலிருந்து அல்லாமல், அதன்பின் மொபைலுக்காகச் செய்த போர்ட்டிலிருந்து வளர்ந்தது. மொபைலுக்காகக் குறைத்தவையும் அதில் புகுந்த பிழைகளும் கூடவே வந்துவிட்டன. நகலின் நகலைத் துலக்கினால் நகலின் குறைதான் துலங்கும்.

3. தானியங்கிப் பெருக்கம். சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும்போது அது எழுத்துகளையும் வடிவங்களையும் ஊகித்து நிரப்புகிறது. சான் ஆண்ட்ரியாஸில் ‘டஃப் நட்’ என்ற டோனட் கடையின் முகப்பில் அறுகோண இரும்பு நட் ஒன்று நிற்கும். பெயரின் வேடிக்கையே அதில்தான். டெஃபினிட்டிவ் எடிஷனில் அந்த நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாகிவிட்டன. படம் கூர்மையாகி, பொருள் தொலைந்தது. பெயர்ப்பலகைகள் சிலவற்றில் எழுத்துப்பிழைகளும் சேர்ந்தன.

4. தடையாகத் தெரிந்தது உண்மையில் வடிவமைப்பாக இருப்பது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிஎஸ்2-வின் முதன்மை நினைவகம் 32 எம்பி. சான் ஆண்ட்ரியாஸின் மூன்று நகரங்களையும் ஒரே நேரத்தில் அதில் ஏற்ற முடியாது. அதனால் தொலைவை மூடுபனியால் மறைத்தார்கள். சாலைகளை வளைத்து வளைத்துப் போட்டார்கள். ஆடுகிறவருக்கு ஒரு மாநிலத்தையே கடப்பது போலிருந்தது. டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது பனி விலகியிருந்தது. சிலியாட் மலையுச்சியில் நின்றால் தூரத்து நகரம் ஒரு கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. வரைபடம் ஓர் அங்குலம்கூடச் சுருங்கவில்லை, ஊர் மட்டும் சின்னதாகிவிட்டது. சைலண்ட் ஹில் 2-இல் இன்னும் மோசம். பயமே மூடுபனியில் இருந்த கேம் அது. எச்டி பதிப்பில் பனி மெலிந்து, மறைந்திருக்க வேண்டிய ஓரங்கள் வெளியே தெரிந்தன.

5. பாட்டு உரிமம். கேமில் வரும் பாட்டுகளுக்கு உரிமம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்ததும் புதிதாக விற்கும் பிரதியில் பாட்டைச் சேர்க்க முடியாது. வைஸ் சிட்டியில் இருந்த மைக்கேல் ஜாக்சனின் பில்லி ஜீன் டெஃபினிட்டிவ் எடிஷனில் இல்லை. 2014-இல் சான் ஆண்ட்ரியாஸுக்கும் 2018-இல் ஜிடிஏ 4-க்கும் வந்த அப்டேட்டுகள், ஏற்கெனவே கேமை வைத்திருந்தவர்களின் கணினியிலும் பாட்டுகளை மாற்றின. அச்சடித்த பழைய சிடியில் இருக்கும் பாட்டை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. சிடியின் மதிப்பில் இது பெரும்பங்கு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டெஃபினிட்டிவ் எடிஷன் அப்படியே நின்றுவிடவில்லை. வெள்ளைக் கோடுகளாகச் சாலையை மறைத்த மழையை முதல் சில வாரங்களிலேயே திருத்தினார்கள். 2024 நவம்பரில் வந்த அப்டேட், பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் ஒத்த ‘கிளாசிக் லைட்டிங்’ அமைப்பைச் சேர்த்தது. அந்தத் திருத்தம் சரியா என்று பார்க்கவும் எல்லோரும் எடுத்து வைத்துக்கொண்டது 2000-களின் பதிப்பைத்தான்.

திரையும் அசலின் ஒரு பகுதி

கேம் கருவியில் சொருகும் கேசட் காலத்துக் கேம்களை எல்இடி டிவியில் போட்டுவிட்டு “இவ்வளவு மோசமாகவா இருந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. குறை கேசட்டில் இல்லை. அந்தப் படங்கள் பெட்டி டிவிக்காக, அதாவது பிக்சர் டியூப் டிவிக்காக வரையப்பட்டவை. அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் லேசாகக் கலந்துவிடும். அதை எதிர்பார்த்தே ஓவியர்கள் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தார்கள். டியூபில் அது நீர்வீழ்ச்சியாகவோ நிழலாகவோ மாறியது. எல்இடியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

துப்பாக்கி வைத்து வாத்து சுட்ட டக் ஹண்ட் நினைவிருக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். டியூப் டிவியில் சிக்னல் வந்த அதே கணத்தில் வெளிச்சம் வரும். எல்இடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, பிறகு காட்டுவதால் சில கணம் பிந்துகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். அதனால் எவ்வளவு குறிபார்த்தாலும் வாத்து விழாது.

ஆகவே வீட்டில் பழைய டியூப் டிவி இருந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 2006-இலிருந்து தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவியே போதும், ஏ.வி. துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. ஒலிக்கு ஒரே துளை என்றால் சிவப்பை விட்டுவிடலாம். ஆனால் டிவியின் பின்மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எந்தப் பதிப்பு அசல்?

‘அசல்’ என்று ஒருமையில் சொல்கிறோம். உண்மையில் பல அசல்கள் உண்டு. சான் ஆண்ட்ரியாஸையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. 2004 அக்டோபரில் வந்த பிஎஸ்2 பதிப்பு. கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரத்தின் மேல் படியும் செம்மஞ்சள் வெப்பமூட்டம் இதில்தான் முழுமையாக இருக்கிறது.
2. 2005 ஜூனில் வந்த பிசி 1.0. படம் தெளிவு, ஆனால் அந்த வெப்பமூட்டம் அதே அளவில் இல்லை. மாட் (ஆட்டக்காரர்கள் தாமே கேமில் செய்யும் மாற்றம்) செய்பவர்கள் கேட்பது இதைத்தான்.
3. மறைந்திருந்த ஆபாசக் காட்சி அம்பலமாகிச் சர்ச்சை வெடித்த பிறகு அதே ஆண்டு மாற்றி வெளியிட்ட பிசி பதிப்பு. மாட்கள் பல இதில் வேலை செய்யாது.
4. 2014-இல் பாட்டு நீக்கப்பட்ட, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் பதிப்பு. பழைய சேவ் கோப்புகளும் இதில் சிக்கல் கொடுத்தன.

மண்டல வேறுபாடும் உண்டு. டிவி சிக்னல் முறையில் இந்தியா பால் (PAL) மண்டலம், திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, 60 முறை. 60-க்குச் செய்த கேமைச் சரிசெய்யாமல் 50-இல் ஓட்டினால் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடும், இசையும் இழுக்கும். 2018-இல் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் இருந்த 20 கேம்களில் 9 பால் பதிப்புகள். வாங்கியவர்கள் கோபப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

நம் ஊரில் புழங்கிய ‘9999 இன் 1’ கேசட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை கள்ளப் பிரதிகள். உள்ளே சில டஜன் கேம்கள்தான் இருக்கும், அவையே பெயரும் நிறமும் மாறித் திரும்பத் திரும்ப வரும். முப்பது உயிரோடு தொடங்கும் காண்ட்ரா, நடு லெவலில் தொடங்கும் மேரியோ என்று யாரோ எங்கோ மாற்றியவை. சந்தையில் இவற்றுக்கு விலை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ஆடிய காண்ட்ரா அதுதான். எந்த நிறுவனமும் அதை ரீமாஸ்டர் செய்யப் போவதில்லை. வரலாற்றுக்கு இவற்றைக் காப்பது மற்றவற்றைவிட அவசரமான வேலை என்பது என் கருத்து.

உண்மையான தீங்கு: பழையதை எடுத்துவிடுவது

ரீமாஸ்டர் சரியில்லை என்றால் பழையதை ஆடிவிட்டுப் போகலாம். அதற்கும் வழியில்லாமல் செய்வதுதான் பிரச்சினை. டெஃபினிட்டிவ் எடிஷன் வருவதற்கு முந்தைய மாதமே ஜிடிஏ-வின் மூன்று பழைய கேம்களையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, நவம்பரில் ஜிடிஏ-வை வெளியிடும் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பிசிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் திரும்ப வைப்பதாக அறிவித்தது. பிளிஸார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட் 3-க்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 2020 ஜனவரியில் ரீஃபோர்ஜ்ட் என்ற அதன் புதிய பதிப்பு வந்தபோது, பழைய கேமை மட்டும் வைத்திருந்தவர்களின் இணைய ஆட்டமும் புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. பிடிக்காவிட்டால் பழையபடி ஆடலாம் என்ற வழியே அடைபட்டது.

அதே பிளிஸார்ட் மூன்று ஆண்டுக்கு முன் ஸ்டார்கிராஃப்ட்டைக் கையாண்ட விதம் நேர் எதிர். 2017 ஏப்ரலில் பழைய கேமை இலவசமாக்கி, பிறகு ஆகஸ்டில் ரீமாஸ்டரை விற்றார்கள். ஆட்டக்காரர்கள் பழகிப்போன பழைய குறைகளைக்கூடத் தொடவில்லை. இன்னும் சில நல்ல முன்மாதிரிகள்:

1. 2011 ஹேலோ ஆனிவர்சரி, 2021 டையாப்லோ 2 ரிசரெக்டட், 2024 டூம் ரைடர் 1–3: ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம்.
2. 2020 கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டர்: ஈஏ நிறுவனம் அடிப்படை மூலநிரலையே யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டது.
3. 2025 ஏப்ரலில் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட்: படம் அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் இயக்கும் மென்பொருளில், விதிகள் அடியில் பழைய எஞ்சினில். 2006-இன் கேமும் கடையில் தொடர்ந்து கிடைக்கிறது.

இவை விதிவிலக்குகள். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அவற்றுக்கு யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் பிரதிதான் கதி.

பரணில் இருப்பதற்கு விலை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மேரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்ற செய்தியைப் பார்த்து மனக்கணக்குப் போட வேண்டாம். பிரிக்காத பெட்டி, உயர்ந்த தர மதிப்பீடு, ஏலக்காரர்களின் போட்டி எல்லாம் சேர்ந்த விலை அது. விலையை நிர்ணயிப்பவை: அச்சடித்த அசல் பிரதியா, பெட்டியும் கையேடும் இருக்கின்றனவா, எந்த மண்டலம், ஓடுகிறதா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கண்ணில் பட்டாலும் இதே நான்கைத்தான் பார்க்க வேண்டும்.

சிடியின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். வெள்ளி நிறம் என்றால் அச்சடித்தது. ஊதாவோ வெளிர்பச்சையோ தெரிந்தால் ரைட்டரில் எரித்த பிரதி. விதிவிலக்காக, பிஎஸ்1 அசல்கள் கறுப்பு. பிஎஸ்2-வில் சிடியாக வந்த அசல்கள் நீலம். எரித்த சிடியின் சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வெளுக்கும், அதனால் அதைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும்.

எடுத்து ஓட்டிப் பார்க்கும் முன்

1. வோல்ட்டேஜ். கன்சோலின் (கேம் கருவியின்) அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட், அமெரிக்காவில் வாங்கியது 120. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் பவர் சப்ளை கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் அந்த ஊர்க் கடைகளுக்கென்றே வந்தது என்றால் வோல்ட்டேஜ் ஒத்துப்போகும். ஆனால் பிஎஸ்2-வின் மண்டலம் என்டிஎஸ்சி-ஜே, அதாவது ஜப்பான் வகை. இந்தியாவில் வாங்கிய பால் சிடி அதில் ஓடாது. சிடி கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம்.
2. கெபாசிட்டர். திறந்ததும் மீன் நாற்றமோ, போர்டில் பிசுபிசுப்போ இருந்தால் கசிவு. மின்சாரம் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கெபாசிட்டர் கசிந்து போர்டை அரிப்பது தெரிந்த கோளாறு, 1.6 தவிர மற்ற பதிப்புகளில் அதை எடுத்துவிட்டாலும் கன்சோல் ஓடும்.
3. கேசட் முனை. வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் செம்பை அரிக்கும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பட்ஸில் தொட்டு, கறுப்பு வராத வரை துடைத்து, பத்து நிமிடம் உலரவிடுங்கள். நின்டெண்டோ கேசட்டைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும், கேம்பாய் அட்வான்ஸுக்கு மூன்று இதழ் ஸ்க்ரூடிரைவர்.
4. சேவ் பேட்டரி. போக்கிமான் கோல்டு, சில்வர் போன்றவற்றில் சேவ் தங்குவதே 3 வோல்ட் பட்டன் பேட்டரியால்தான். அதைக் கழற்றினால் சேவ் போய்விடும். முதலில் கேசட் ரீடரில் நகலெடுங்கள். ரூபி, சஃபையரில் பேட்டரி தீர்ந்தால் கடிகார நிகழ்வுகள் மட்டும் நிற்கும், சேவ் இருக்கும். மாற்றும்போது கால் வைத்த பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரியில் நேரே சூடு வைத்தால் வெடிக்கலாம்.
5. சிடி. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல ஒளி கசிந்தால் அந்த இடத்தில் தகவல் இல்லை. சிடியில் தகவல் அடுக்கு லேபிளுக்கு நேர் அடியில் இருப்பதால் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்டமாக அல்ல.
6. ‘சிடி படிக்கிறது, கேம் திறக்கவில்லை’. 2000-களின் தொடக்கத்துப் பிசி சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு. விண்டோஸ் 10 அதன் டிரைவரை ஏற்காது. பழைய எக்ஸ்பி கணினியில் அதே சிடி ஓடும்.

வைக்கும் இடமும் முக்கியம். ஓட்டுக்கு நேர் கீழே உள்ள பரண் சித்திரை வெயிலில் கொதிக்கும். கனத்த சுவருள்ள தரைத்தள அறை நல்லது, ஐப்பசி மழைக்குச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் அந்துருண்டையை இதோடு சேர்க்கவே கூடாது. அதன் ஆவி சிடி டப்பாவின் பாலிஸ்டைரினை இளக்கி ஒட்டவைக்கும்.

நகல் எடுப்பது

சிடியை ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுத்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிஎஸ்1 காலத்துச் சிடிகள் பலவற்றில் இசை தனி ஆடியோ டிராக்காக இருக்கும். ஐஎஸ்ஓ அதை விட்டுவிடும். பின் (.bin), க்யூ (.cue) என்ற இரண்டு கோப்புகளாக எடுங்கள். இரண்டு முறை எடுத்து, இரண்டின் எஸ்எச்ஏ-1 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் சிடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை. அந்த எண்ணை இணையத்தில் உள்ள பதிப்புப் பட்டியல்களோடு, சிடிகளுக்கு ரீடம்ப், கேசட்டுகளுக்கு நோ-இன்ட்ரோ பட்டியலோடு ஒப்பிட்டால் உங்கள் பிரதி எந்தப் பதிப்பு என்பதும் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லாத எண் வந்தால், ஒன்று நகலில் பிழை, இல்லை இதுவரை யாரும் பதிவு செய்யாத பதிப்பு.

சட்டம்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகக் காப்பாகப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. பிரதியைப் பங்கிடுவதற்கோ விற்பதற்கோ அந்த அனுமதி நீளாது. பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது 65ஏ பிரிவின் கீழ் குற்றம்.